சீல் வைத்தார்கள், காகிதம் தரவில்லை: வழக்குப் போட முடியுமா?

கேட்டவர் கடலூர் ஆல்பேட்டைப் பக்கம் சின்னதாக டிபன் கடை நடத்துகிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது. 2020 ஊரடங்கில் கடைக்கு சீல் வைத்தார்கள், அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாக அவர் மேல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ல் வழக்கும் போட்டார்கள். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு பெண்ணையாறு கரைபுரண்டபோது ஒன்பது நாள் கடையை மூடச் சொன்னார்கள். அவருடைய டாடா ஏஸ் வண்டியை நிவாரணச் சாமான் ஏற்ற எடுத்துப்போனார்கள். திரும்பி வந்தபோது டேங்க் காலி, பின்கதவு நசுங்கியிருந்தது. இரண்டு தடவையும் அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. "எமர்ஜென்சின்னா எதை வேண்டுமானாலும் செய்யலாமா? அமெரிக்காவில் கோர்ட்டே கடையைத் திறக்க வைத்ததாமே, இங்கே முடியாதா? ரெட்டிச்சாவடி தாண்டினால் பாண்டிச்சேரிக்காரன் கடை திறந்திருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் பூட்டு? அடுத்த தடவை வந்தால் மூட மாட்டேன் என்று சொல்லலாமா?"

கோபத்தில் எழுதியிருக்கிறார், நியாயமான கோபம்தான். ஆனால் இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கடையை மூடச் சொல்ல அரசுக்கு அதிகாரம் இருக்கிறதா என்பது ஒன்று. அந்த அதிகாரத்தை உங்கள் கடை மேல் காட்டிய விதம் சரியா என்பது இன்னொன்று. போன பணம் திரும்புமா என்பது மூன்றாவது. முதல் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். இரண்டாவதைப் பிடிப்பவர்களுக்கு வழி இருக்கிறது. மூன்றாவதற்கு விடை, உங்களிடமிருந்து எதை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. இருபது வருஷத்துக்கு மேலாகக் கடலூரில் வக்கீல் தொழில் செய்கிறேன், ரிட் மனுக்களுக்காக, அதாவது அரசின் செயலை எதிர்த்து நேராகப் போடும் மனுக்களுக்காக, உயர் நீதிமன்றத்துக்கும் போய் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் வழக்கின் காகிதங்களை நான் பார்க்கவில்லை. பார்க்கக் காகிதமே இல்லை என்பதுதான் உங்கள் புகாரே. அதனால் உங்கள் கடை விஷயத்தில் முடிவு இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

முதலில் அந்த 'எமர்ஜென்சி' என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் எமர்ஜென்சி 1975 முதல் 1977 வரை இருந்தது. அது அரசியலமைப்பின் 352-ஆவது பிரிவில் வந்த நெருக்கடி நிலை. அப்போது 19-ஆவது பிரிவில் உள்ள உரிமைகள், தொழில் செய்யும் உரிமை உட்பட, முடங்கிக் கிடந்தன. 1978-ல் 44-ஆவது திருத்தம் வந்த பிறகு, போர் அல்லது வெளிநாட்டு ஆக்கிரமிப்பு காரணமாக நெருக்கடி நிலை அறிவித்தால் மட்டுமே அந்த உரிமைகள் தானாக முடங்கும். கொரோனாவில் அப்படி ஒரு அறிவிப்பு வரவில்லை. வெள்ளத்துக்கும் வரவில்லை, வரவும் முடியாது. உங்கள் கடைக்கு சீல் வைத்த அன்றும், வண்டியை எடுத்த அன்றும், எந்தத் தொழிலையும் செய்ய உங்களுக்கு உரிமை தரும் 19(1)(ஜி) உயிரோடுதான் இருந்தது. சட்டத்தின்படி அல்லாமல் ஒருவர் சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிற 300ஏ-வும் அப்படியே இருந்தது. இதில் சந்தேகமே வேண்டாம். "எமர்ஜென்சி சார், இப்ப ரூல்ஸ் பேசாதீங்க" என்று யாராவது சொன்னால், அவர் அவசரத்தைச் சொல்கிறார், சட்டத்தைச் சொல்லவில்லை.

பிறகு எந்தச் சட்டத்தில் மூடினார்கள்? 2020-ல் இரண்டு சட்டங்கள் சேர்ந்து ஓடின. ஒன்று 1897-ஆம் வருஷத்துத் தொற்றுநோய்கள் சட்டம். பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் போட்டது, மிகச் சின்ன சட்டம். இன்னொன்று 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். இவை போக 144 தடை உத்தரவு. அது இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163-ஆவது பிரிவு. வெள்ளத்துக்கு வருவது பேரிடர் சட்டம்தான். அதில் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான அமைப்புக்கு 34-ஆவது பிரிவு பெரிய அதிகாரம் தருகிறது. பாதிப்புள்ள பகுதிக்குள் வண்டி போவதை நிறுத்தலாம், ஆள் நுழைவதைத் தடுக்கலாம், தேவையான மற்ற நடவடிக்கைகளையும் எடுக்கலாம். அந்த 'மற்ற நடவடிக்கைகள்' என்ற வால்தான் நீளமானது. பெண்ணையாறு தெருவுக்குள் வந்துகொண்டிருக்கும்போது கடையைச் சாத்திவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்ல அதிகாரம் உண்டா என்றால், உண்டு. எந்த நீதிபதியும் அதில் கை வைக்க மாட்டார். எனக்கு அது தப்பாகவும் படவில்லை.

ஆனால் அதிகாரம் இருப்பதனாலேயே அதற்கு எல்லை இல்லை என்று ஆகிவிடாது. சின்னத் தொழில்காரர்கள் இந்த விஷயத்தில் வாங்கிய முதல் பெரிய தீர்ப்பு 1950-லேயே வந்துவிட்டது, சிந்தாமன் ராவ் வழக்கு. இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சாகர் பகுதியில், விவசாயக் காலத்தில் வயல் வேலைக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காக, குறிப்பிட்ட கிராமங்களில் யாருமே பீடி சுற்றக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நோக்கம் நல்லதுதான் என்று உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் வயல் வேலைக்கே போக முடியாத கிழவிகளும் உடம்பு முடியாதவர்களும்கூட வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றக் கூடாது என்றால், அது நோக்கத்தைத் தாண்டிப் போகிறது என்று சொல்லித் தடையை ரத்து செய்தது. கட்டுப்பாடு நியாயமாக இருக்க வேண்டும் என்றால் தேவைக்கு மேல் போகக் கூடாது என்று பொருள். இந்தச் சரக்கை வைத்துத்தான் இன்றைக்கும் வாதாடுகிறோம். உங்கள் விஷயத்தில் இதை வைத்துப் பார்த்தால், தண்ணீர் நின்ற நாட்களுக்குக் கடையை மூடியது சரி. தண்ணீர் வடிந்து, தெருவில் வண்டி ஓட ஆரம்பித்து, பக்கத்துக் கடைகள் திறந்த பிறகும் உங்கள் கடை மூடியிருந்ததா? இருந்தது என்றால், அந்த நாட்களைப் பற்றித்தான் உங்கள் வழக்கு.

கொரோனா ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதை இரண்டு முறை வேறு வேறு விதமாகச் சொன்னது. 2020 ஜனவரியில், கொரோனாவுக்குக் கொஞ்சம் முன்னால், அனுராதா பசீன் வழக்கில் காஷ்மீர் இணைய முடக்கம் பற்றிப் பேசும்போது, 144 உத்தரவுகளை வெளியிட வேண்டும், பாதிக்கப்பட்டவர் பார்க்க முடிய வேண்டும், தேவைக்கு ஏற்ற அளவில்தான் போட வேண்டும், திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போவது அதிகாரத் துஷ்பிரயோகம் என்று சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி குஜராத் மஸ்தூர் சபா வழக்கு. தொற்றுநோயைக் காரணம் காட்டித் தொழிற்சாலைகளுக்கு வேலை நேரம், ஓவர்டைம் விதிகளிலிருந்து அந்த மாநில அரசு விலக்குக் கொடுத்திருந்தது. தொழிற்சாலைகள் சட்டத்தில் 'பொது நெருக்கடி' என்றால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்ற அளவு இருக்க வேண்டும், பொருளாதார மந்தம் அதில் சேராது என்று சொல்லி அந்த அறிவிப்புகளை ரத்து செய்தார்கள். அது தொழிலாளர்கள் பக்கம் ஜெயித்த வழக்கு, கடைக்காரர் வழக்கு இல்லை. ஆனாலும் 'நெருக்கடி' என்ற சொல்லைச் சொல்லிவிட்டு எல்லாக் கதவையும் திறக்க முடியாது என்பதற்கு அது நல்ல ஆயுதம்.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைக்கும் தீர்ப்பு வேறு. அது நம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாண்டிச்சேரி போகும்போதெல்லாம் சுதேசி மில்லைப் பார்த்திருப்பீர்கள். அங்கே யார் ஆர்ப்பாட்டம் நடத்தினாலும் 'சுதேசி மில் எதிரில்' என்றுதான் செய்தி வரும். அந்த மில்லும் கான்பூர் மில்லும் ஒரே கம்பெனியின் கையில் இருந்தன. 1978 ஏப்ரலில் மத்திய அரசு, உற்பத்தி பாதிக்கப்படும் நிலை வந்துவிட்டது, உடனடி நடவடிக்கை வேண்டும் என்று சொல்லி, பாண்டிச்சேரி உட்பட அந்தக் கம்பெனியின் ஆறு ஆலைகளின் நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டது. முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'உடனடி' என்று சட்டமே சொல்லும்போது எதற்குக் கேட்க வேண்டும் என்பது அரசின் வாதம். 1981 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. அவசரம் என்பது விசாரணையைச் சுருக்கலாம், எந்த அளவு என்பதை மாற்றலாம், ஆனால் பாதிக்கப்படுகிறவர் சொல்வதைக் கேட்கும் கடமையை அடியோடு துடைத்துவிடாது என்றார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி மட்டும் மாறுபட்டார். கடைசியில் மில்லைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று உத்தரவு வரவில்லை, உரிமையாளருக்கு முழுமையான விசாரணை கொடு என்பதில்தான் முடிந்தது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கோர்ட் கொடுக்கும் வெற்றி பல நேரம் இந்த அளவுதான்.

இந்த மில் வழக்கை வைத்து உங்கள் கடையைப் பாருங்கள். ஆறு ஆலைகளை எடுக்கும்போதே கேட்க வேண்டும் என்றால், நாலு மேசை போட்ட டிபன் கடைக்கு சீல் வைக்கும்போதும் கேட்க வேண்டும். முன்னால் கேட்க நேரமில்லை என்றால், சீல் வைத்த பிறகாவது உடனே கேட்க வேண்டும். அதோடு உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், காரணம் அதிலேயே இருக்க வேண்டும். ஒரு உத்தரவு நிற்குமா விழுமா என்பதை அதில் எழுதியிருக்கும் காரணத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள், பிறகு கோர்ட்டில் அபிடவிட் (சத்தியப் பிரமாண வாக்குமூலம்) போட்டுப் புதுக் காரணம் சேர்க்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழுத்தே இல்லாத உத்தரவுக்குக் காரணமும் இல்லை. இங்கேதான் அரசுத் தரப்பு வக்கீல் தடுமாறுவார்.

அமெரிக்கா விஷயம். நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாக விஸ்கான்சின் மாநிலம் பற்றியதாக இருக்கும். அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2020 மே 13-ஆம் தேதி, வீட்டிலேயே இருக்கச் சொன்ன உத்தரவை 4-க்கு 3 என்ற கணக்கில் தள்ளியது. கடைகள் அன்றைக்கே திறந்தது உண்மை. ஆனால் கடை திறப்பது அடிப்படை உரிமை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. சுகாதாரத் துறைச் செயலர், விதி இயற்றுவதற்கான நடைமுறையைப் பின்பற்றாமல் உத்தரவு போட்டுவிட்டார் என்றுதான் சொன்னது. அக்டோபரில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் ஆளுநரின் நெருக்கடி உத்தரவுகளைத் தள்ளியபோதும், 1945-ஆம் ஆண்டுச் சட்டம் ஆளுநர் ஒருவரிடம் இவ்வளவு அதிகாரத்தை ஒப்படைத்ததே செல்லாது என்பதுதான் காரணம். பென்சில்வேனியாவில் செப்டம்பரில் ஒரு ஃபெடரல் நீதிபதி கடையடைப்பு உத்தரவு அரசியலமைப்புக்கு விரோதம் என்றே எழுதினார். மேல்முறையீடு முடிவதற்குள் உத்தரவுகள் காலாவதியாகிவிட்டன, அந்தத் தீர்ப்பும் விலக்கப்பட்டது. அங்கேயும் 'அதிகாரமே கிடையாது' என்று நிலைத்து நின்ற தீர்ப்பு எதுவும் சொல்லிவிடவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் யார், எந்த நடைமுறையில் என்பதில்தான் வழக்கு நின்றது. நான் மேலே சொன்னதும் அதுதான்.

நம் ஊரில் நீதிமன்றம் தலையிடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2020 மே 7-ஆம் தேதி டாஸ்மாக் திறந்தது, கூட்டம் அலைமோதியது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனைகளை மீறிவிட்டார்கள் என்று கடைகளை மூடச் சொன்னது. ஒரு வாரத்தில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்துவிட்டது. டீக்கடைக்கு மே 11-லிருந்துதான் அனுமதி, அதுவும் பார்சல் மட்டும். சாராயம் முந்தியது, டீ பிந்தியது. இதை வைத்து வழக்குப் போடலாமா என்று அப்போது என்னிடமே நாலு பேர் கேட்டார்கள். எது அத்தியாவசியம், எது எப்போது திறக்கலாம் என்ற பட்டியல் அரசின் கொள்கை முடிவு, அதில் கோர்ட் சுலபத்தில் நுழையாது என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் ஒரே பொருளை விற்கும் பெரிய கடைக்கு அனுமதி, சின்னக் கடைக்குத் தடை என்றால் அது வேறு கதை. அங்கே எல்லோரையும் சமமாக நடத்தச் சொல்லும் அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவு பேசும்.

அதே 14-ஐ வைத்துப் பாண்டிச்சேரிக் கடையோடு உங்கள் கடையை ஒப்பிட முடியாது. முள்ளோடையில் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி. நூறு அடி தூரத்தில் ஒரு கடை திறந்தும் இன்னொன்று மூடியும் இருப்பதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் இரண்டு அரசுகள் வேறு வேறு விதி போட்டால் அது பாகுபாடு ஆகாது என்று 1954-லேயே மண்டவர் வழக்கில் முடிவாகிவிட்டது. அந்த வாதத்தை மனுவில் எழுதினால் இடம்தான் வீண்.

இப்போது என் சொந்தத் தோல்வி ஒன்று. தோல்வியா என்றே எனக்கு இன்றுவரை தெரியவில்லை. 2020 கோடையில் மாவு மில் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்களால் நம் மாவட்டத்தில் தொற்று ஏறிக்கொண்டிருந்த சமயம். பக்கத்து வீட்டில் ஒருவருக்குத் தொற்று, தெருவையே அடைத்தார்கள், மில்லுக்கு சீல். மாவு மில் அத்தியாவசியப் பட்டியலில் இருந்தது. சரி, தொற்றுப் பகுதி என்றால் அதுவும் மூடத்தான் வேண்டும். பிரச்சினை அதற்குப் பிறகு. தெருத் தடுப்பை எடுத்துவிட்டார்கள், மில் சீலை யாரும் எடுக்கவில்லை. ஒரு அலுவலகத்தில் கேட்டால் நாங்கள் வைக்கவில்லை, அவர்கள் வைத்தது என்றார்கள். அவர்களைக் கேட்டால் இன்னொருவரைக் கை காட்டினார்கள். மூன்று இடத்துக்கு அலைந்து இருபது நாள் போனது. கடைசியில் ரிட் மனு தயார் செய்து போட்டோம், வீடியோவில்தான் விசாரணை. மனு பட்டியலில் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒருவர் வந்து சீலை அறுத்துவிட்டுப் போனார். மறுநாள் கோர்ட்டில், "கோரிக்கை நிறைவேறிவிட்டது, மேற்கொண்டு உத்தரவு தேவையில்லை" என்று மனுவை முடித்துவிட்டார்கள். நாங்கள் 'இன்ஃப்ரக்சுவஸ்' ஆகிவிட்டது என்போம். மில்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சார், ஜெயிச்சோமா, தோத்தோமா?" இருபது நாள் வருமானத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் ஐந்தாம் நாளே மனுப் போட்டிருக்க வேண்டும். அலுவலகத்தில் பேசித் தீர்த்துவிடலாம் என்று நினைத்தது என் தவறு.

நெருக்கடிக் கால உத்தரவுகளின் தந்திரமே இதுதான், வேண்டுமென்று செய்தாலும் சரி, தானாக நடந்தாலும் சரி. ஆயுள் பத்து நாள், பதினைந்து நாள். வழக்கு அதற்குள் ஓட வேண்டும், அல்லது உத்தரவு செத்த பிறகும் உயிரோடு இருக்கிற ஒரு கோரிக்கை மனுவில் இருக்க வேண்டும். பணக் கோரிக்கை அப்படிப்பட்டது. கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் அதுவும் அப்படித்தான்.

உங்கள் 188 வழக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், ஆனால் மறந்தும் விடாதீர்கள். அரசு ஊழியரின் உத்தரவை மீறிய குற்றத்துக்கு, அந்த ஊழியர் அல்லது அவருக்கு மேலுள்ளவர் எழுத்தில் புகார் கொடுத்தால்தான் மாஜிஸ்திரேட் எடுத்துக்கொள்ள முடியும். போலீஸ் தானாக எஃப்ஐஆர் போட்டுக் குற்றப்பத்திரிகை வைப்பது செல்லாது என்று 2018-ல் மதுரைக் கிளையில் ஜீவானந்தம் வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். அதோடு 188-க்கு அதிகபட்சத் தண்டனை ஆறு மாதம். ஒரு வருஷத்துக்குள் நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்திருக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசே, வன்முறை போன்றவை தவிர மற்ற ஊரடங்கு மீறல் வழக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தது. அறிவிப்பு வேறு, உங்கள் எண் கொண்ட வழக்கு முடிந்தது என்ற காகிதம் வேறு. பாஸ்போர்ட், லைசென்ஸ் சமயத்தில் இது தலைகாட்டும். சம்பந்தப்பட்ட காவல் நிலையத்திலோ மாஜிஸ்திரேட் கோர்ட்டிலோ நிலையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்னும் நிலுவையில் இருந்தால் ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 188-ன் இடத்தில் 223 வந்திருக்கிறது, அபராதம் கூடியிருக்கிறது.

பணத்துக்கு வருவோம். கடை மூடியிருந்த நாட்களின் வியாபார நஷ்டத்தை அரசு தர வேண்டுமா? நேராகச் சொன்னால், கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பொதுவாக மூடச் சொன்ன உத்தரவுக்கு நஷ்டஈடு தரும்படி பேரிடர் சட்டத்தில் ஏற்பாடு இல்லை. நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு அதிகாரிக்குப் பாதுகாப்பும் 73-ஆவது பிரிவில் இருக்கிறது. வாடகையும் நிற்காது. 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், கான் மார்க்கெட்டில் செருப்புக் கடை வைத்திருந்தவர் கேட்ட வாடகை நிறுத்தத்தை மறுத்துவிட்டது, தவணையில் கட்டக் கொஞ்சம் அவகாசம்தான் கொடுத்தது. கடன் விஷயத்தில் சிறு தொழில் சங்கங்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 மார்ச் 23-ல் பாதி வெற்றி வாங்கின. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான தவணைச் சலுகைக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று வந்தது. வட்டியையே தள்ளு, சலுகையை நீட்டு என்ற கோரிக்கைகள் கொள்கை விஷயம் என்று தள்ளப்பட்டன.

ஆனால் உங்கள் டாடா ஏஸ் வேறு கணக்கு. மூடச் சொல்வது கட்டுப்பாடு, எடுத்துப்போவது கையகப்படுத்தல். பேரிடர் சட்டத்தின் 65-ஆவது பிரிவு மீட்பு வேலைக்கு வண்டியை, கட்டடத்தை, பொருளை எடுக்க அனுமதிக்கிறது, எழுத்து உத்தரவு போட்டு. 66-ஆவது பிரிவு அதற்குப் பணம் தரச் சொல்கிறது. வண்டிக்கு, அந்த ஊரில் அப்படிப்பட்ட வண்டிக்கு நடப்பில் இருக்கும் வாடகை விகிதத்தில். இது அரசு பார்த்துக் கொடுக்கும் நிவாரணம் இல்லை, சட்டம் கொடுக்கச் சொன்ன பணம். தொகை குறைவு என்று தோன்றினால் 30 நாளுக்குள் நடுவர் கேட்டு அரசுக்கு எழுதலாம். தொகையே நிர்ணயிக்காத உங்கள் விஷயத்தில் அந்த 30 நாள் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை என்பது என் வாதமாக இருக்கும். வண்டி ஃபைனான்ஸில் இருந்தால் ஃபைனான்ஸ்காரருக்கும் அந்தப் பணத்தில் பங்கு உண்டு என்பதை மறக்காதீர்கள். பின்கதவு நசுங்கியதற்கும் கேளுங்கள், ஆனால் அது வாடகை போல நேரான கணக்கு இல்லை, சேதம் எப்போது ஆனது என்று நிரூபிக்க வேண்டி வரும். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் மாதிரி பொருளை எடுத்திருந்தால்? 66-ஆவது பிரிவு கட்டடத்தையும் வண்டியையும் பற்றித்தான் விவரமாகப் பேசுகிறது, பொருளுக்கு அந்தத் தெளிவு இல்லை. அங்கே 300ஏ-வை வைத்துத்தான் வாதாட வேண்டும். ஜெயிக்கலாம், ஆனால் வண்டி அளவுக்கு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

எங்கே போவது? இங்கே மஞ்சக்குப்பத்தில் முன்சீப் கோர்ட்டில் போட முடியாது. பேரிடர் சட்டத்தின்படி செய்த காரியத்தை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் தவிர வேறு நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று 71-ஆவது பிரிவு பூட்டு போட்டிருக்கிறது. ஆகவே அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் ரிட், சென்னை உயர் நீதிமன்றத்தில். செலவைக் கேட்டால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று: 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதியைத் தருகிறது. வருமான வரம்பு என்பது அதில் தனி வகை, நீங்கள் பேரிடர் வகையில் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் வாங்கி, வெள்ளத்தில் கடை பாதித்ததற்கான போட்டோ, கரண்ட் பில், வாடகை ரசீதோடு கொடுங்கள். உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்த வேண்டும் என்று எழுதினால் அங்கிருந்து அனுப்பிவைப்பார்கள்.

அடுத்த தடவை வந்தால் மூட மாட்டேன் என்று சொல்லலாமா? சொல்லாதீர்கள். நியாயமான காரணமில்லாமல் உத்தரவுக்கு மறுத்தால் பேரிடர் சட்டத்தின் 51-ஆவது பிரிவில் ஒரு வருஷம் வரை தண்டனை இருக்கிறது, அதனால் உயிர்ச்சேதம் ஏற்பட்டால் இரண்டு வருஷம். மூடுங்கள், கூடவே கேளுங்கள். எந்த அலுவலகம், எந்தப் பதவி, எந்த உத்தரவு எண், எத்தனை நாளுக்கு. பதில் வராவிட்டால் அன்றைக்கே கலெக்டர் அலுவலகத்துக்கு ஈமெயிலும் ஸ்பீடு போஸ்ட்டும் போடுங்கள்: இத்தனாம் தேதி, இத்தனை மணிக்கு, இன்ன பதவியில் உள்ளவர் வாய்மொழியாக மூடச் சொன்னார், மூடிவிட்டேன், எழுத்து உத்தரவு தாருங்கள், என் தரப்பைக் கேளுங்கள். நாலு வரி போதும். அந்த நாலு வரிதான் பிறகு ரிட் மனுவுக்கு அஸ்திவாரம். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவும் நல்லதுதான், அதற்குத் தரும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

2020 சீலுக்காக இப்போது ரிட் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காலம் கடந்துவிட்டது, தாமதத்தைக் காரணம் காட்டியே திருப்பி அனுப்புவார்கள். வண்டிக்கு மட்டும் இந்த வாரமே எழுதுங்கள். ஆர்சி புத்தக நகல், வண்டி போன தேதி, வந்த தேதி, ஓட்டியவர் யார், எந்தெந்த ஊருக்குப் போனது, நம் ஊரில் டாடா ஏஸ் ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று ஸ்டாண்டில் இருக்கும் இரண்டு பேரிடம் எழுதி வாங்கியது, வண்டியில் நிவாரணச் சாமான் ஏற்றிய போட்டோ யார் போனிலாவது இருந்தால் அது. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில், 2024 டிசம்பரில் நிவாரண வேலைக்கு எடுத்த தனியார் வண்டிகளின் பட்டியலும் கொடுத்த வாடகையும் கேட்டு ஒரு மனு, 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். பட்டியலில் உங்கள் வண்டி எண் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. மற்றவர்களுக்கு வாடகை கொடுத்துவிட்டு உங்கள் எண் மட்டும் விடுபட்டிருந்தால், அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.